கூட வருபவருக்கும் ஒரு சீட்டு: முற்றிய புற்றுநோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்குக் குடும்ப மருத்துவர் செய்யக்கூடியவை

கோயம்புத்தூரில் கீமோ முடிந்து, கரண்ட் (கதிர்வீச்சு) வைத்து முடிந்து, கடைசியில் "இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிய பிறகு, அந்தக் குடும்பம் வந்து நிற்பது நம் கிளினிக்கில்தான். கோபி, அந்தியூர், காங்கயம், தாராபுரம், உடுமலை என எங்கே உட்கார்ந்திருந்தாலும் இதே காட்சிதான். மஞ்சப்பையில் ஸ்கேன், பயாப்ஸி, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் இருக்கும். பையைப் பிடித்திருக்கும் கையை நாம் பார்ப்பதில்லை.

எனக்கு இதைப் புரியவைத்தவர் ஒரு மருமகள். மாமனாருக்கு வாயில் புற்று. நான்கு மாதம் வாரம் தவறாமல் வந்தார். மாமனாரின் வலி, மலச்சிக்கல், புண் எல்லாவற்றுக்கும் மருந்து எழுதினேன். ஒரு நாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த மருமகள் தலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்துவிட்டார். ரத்த அழுத்தம் 200-ஐத் தாண்டியிருந்தது. இரண்டு மாதமாகத் தன் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். வாங்கப் போக நேரமில்லை, போட்டீர்களா என்று யாரும் கேட்கவும் இல்லை. கேட்காதவர்களில் நானும் ஒருவன். அன்றிலிருந்து முற்றிய புற்றுநோய் உள்ள வீட்டுக்கு இரண்டு சீட்டு போடுகிறேன். ஒன்று நோயாளிக்கு, இன்னொன்று பார்த்துக்கொள்பவருக்கு. கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்த இரண்டாவது சீட்டைப் பற்றித்தான்.

1. உண்மையில் யார் பார்த்துக்கொள்கிறார் என்று கண்டுபிடியுங்கள்

நம் பக்கத்தில் டாக்டரிடம் பேசுபவர் ஒருவர், நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் வேறொருவர். மூத்த மகனோ மாமாவோ முன்னால் உட்கார்ந்து பேசுவார். மருமகளோ மனைவியோ கதவுப் பக்கம் நிற்பார். "யார் பார்த்துக்கறீங்க?" என்று கேட்டால் "எல்லாரும் பார்த்துக்கறோம்ங்க" என்றுதான் பதில் வரும். அதனால் கேள்வியை மாற்றுங்கள். "ராத்திரி அவருக்குப் பக்கத்துல யாரு படுக்கறது? மலம் கழிச்சா யாரு சுத்தம் பண்றது?" என்று கேட்டதும் எல்லாருடைய கண்ணும் ஒருவர் பக்கம் திரும்பும். அவர்தான்.

அவர் பெயர், வயது, கைபேசி எண், நோயாளிக்கு என்ன உறவு என்பதைத் தனிச் சீட்டில் எழுதுங்கள். வீட்டு வேலை போக அவர் தலையில் இன்னும் என்னென்ன இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். விடியற்காலை கட்டுத்தரையில் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்ற வேண்டுமா, தறி ஓட்டுகிறாரா, திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேனில் போய் வந்தவர் இப்போது வேலையை விட்டுவிட்டாரா, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் உண்டா. இந்தத் தகவல் இல்லாமல் நாம் சொல்லும் எந்த யோசனையும் அந்த வீட்டில் நடக்காது.

ஆண்கள் பார்த்துக்கொள்ளும் வீடுகளும் உண்டு. மனைவிக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்று வந்து, கணவரே துணி மாற்றிவிடுகிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் வெளியில் சொல்லவே மாட்டார்கள். அவர்களிடம் நாமாகக் கேட்க வேண்டும்.

2. அவரைத் தனியாக உட்காரவைத்துப் பரிசோதியுங்கள்

நோயாளி பக்கத்தில் இருக்கும்போது "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "நான் நல்லாத்தானுங்க இருக்கறேன்" என்பதைத் தவிர வேறு வார்த்தை வராது. மருந்து வாங்க அவர் மட்டும் வரும் நாள்தான் நமக்கு நல்ல வாய்ப்பு. பத்து நிமிடம் போதும்.

ரத்த அழுத்தம், சர்க்கரை, எடை, ரத்தசோகை. முதுகு வலி, தோள் வலி. ஏற்கெனவே என்ன மாத்திரை சாப்பிடுகிறார், கடைசியாக எப்போது போட்டார். "மாத்திரை போடறீங்களா?" என்று கேட்காதீர்கள், அட்டையைக் கொண்டுவரச் சொல்லி எண்ணிப் பாருங்கள். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. அதில் ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரைகளைத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். வீட்டை விட்டு நகர முடியாத இவருக்கு அது பெரிய உதவி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிடச் சொல்லுங்கள். அதே திட்டத்தில் வீட்டுக்கு வரும் நோய் ஆதரவுச் சிகிச்சையும் (வலியையும் அவதியையும் குறைக்கும் பாலியேட்டிவ் கேர்) பிசியோதெரபியும் உண்டு. செவிலியர் வீட்டுக்கு வந்து புண்ணுக்குக் கட்டுப் போட்டுவிட்டுப் போனாலே அந்த அம்மாவுக்கு ஒரு வேலை குறையும்.

3. மனதைப் பற்றி நேராகக் கேளுங்கள்

பார்த்துக்கொள்பவரின் சுமையை அளக்க 22 கேள்விகள் கொண்ட சாரிட் அளவுகோல் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. நம் கூட்டத்தில் அதற்கு நேரம் கிடைப்பது கஷ்டம். நான் நான்கு கேள்வி கேட்கிறேன். ராத்திரி தொடர்ந்து எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்? கடைசியாக எப்போது உட்கார்ந்து சாப்பிட்டீர்கள்? இரண்டு மணி நேரம் மாற்றிவிட யாராவது இருக்கிறார்களா? உங்களுக்கு எதை நினைத்தால் பயமாக இருக்கிறது?

நான்காவது கேள்விக்கு வரும் பதில்தான் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம். "ராத்திரி மூச்சு நின்னுட்டா நான் தனியா என்ன பண்றதுங்" என்பார்கள். "நான் மருந்து கொடுத்துத்தான் போய்ட்டாருன்னு சொல்லீருவாங்களோ" என்பார்கள். சில சமயம் மெதுவான குரலில், "சீக்கிரம் முடிஞ்சா தேவலைன்னு தோணுதுங், நான் பாவிங்களா?" என்று கேட்பார்கள். அந்த எண்ணம் வராத ஆள் மிகக் குறைவு என்றும், அது அன்பு இல்லாததால் வருவதில்லை, அசதியால் வருவது என்றும் சொல்லுங்கள். இதை மருத்துவர் வாயால் கேட்பதில் இருக்கும் ஆறுதல் எந்த மாத்திரையிலும் இல்லை.

அப்புறம் வழக்கமான இரண்டு கேள்விகள். கடந்த இரண்டு வாரமாக எதிலும் ஈடுபாடு இல்லாமல் இருக்கிறதா? மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்தது போல் இருக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் 0 (இல்லவே இல்லை) முதல் 3 (கிட்டத்தட்ட தினமும்) வரை மதிப்பெண், இரண்டும் சேர்ந்து 3 அல்லது அதற்கு மேல் வந்தால் முழுமையாக விசாரிக்க வேண்டும். "வாழ வேண்டாம் என்று தோன்றியிருக்கிறதா?" என்று தயங்காமல் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. தோட்டத்து வீடுகளில் பூச்சிமருந்து கையெட்டும் தூரத்தில் இருக்கும். அதை வேறு இடத்துக்கு மாற்றிப் பூட்டிவைக்கும் பொறுப்பை வீட்டில் இன்னொருவரிடம் அன்றே ஒப்படையுங்கள். மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுப்பதோடு நிறுத்தாமல், நம் அறையில் இருந்தே ஒரு முறை அழைத்துப் பேசவைத்தால் அடுத்த முறை அவரே அழைப்பார்.

4. ராத்திரிக்கு ஒரு திட்டம் எழுதிக் கொடுங்கள்

பார்த்துக்கொள்பவர் உடைந்துபோவது பெரும்பாலும் ராத்திரியில்தான். பகலில் யாராவது வந்து போவார்கள். ராத்திரி இரண்டு மணிக்குத் தோட்டத்துச் சாளையில் அவரும் முனகும் நோயாளியும் மட்டும்தான். அந்த நேரத்துக்கு நாம் என்ன கொடுத்து அனுப்பியிருக்கிறோம்? மற்ற எதையும் செய்ய நேரமில்லை என்றால் இந்த ஒன்றை மட்டுமாவது செய்யுங்கள்.

முதலில் வலி. கடும் வலிக்கு வாய்வழி மார்ஃபின்தான் அடிப்படை மருந்து. 2014-இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்திய பிறகு விதிகள் எளிதாயின. அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் அதை இருப்பு வைத்துத் தரலாம். கோவையிலோ ஈரோட்டிலோ நோயாளி காட்டும் ஆஸ்பத்திரியின் வலி நிவாரணப் பிரிவோடு பேசி மருந்து கிடைக்க வழி செய்துவிட்டு, வீட்டில் அது சரியாகப் போகிறதா என்று பார்ப்பது நம் வேலை. சாதாரண மார்ஃபின் மாத்திரை 4 மணி நேரம்தான் வேலை செய்யும். காலை 6, காலை 10, மதியம் 2, மாலை 6 என்று கொடுத்து, இரவு 10 மணிக்கு இரட்டை அளவாகக் கொடுத்தால் நடுராத்திரி வேளையைத் தவிர்க்கலாம். நோயாளியும் தூங்குவார், பார்த்துக்கொள்பவரும் தூங்குவார். சிறுநீரகம் பழுதாக இருந்தாலோ மிக வயதானவராக இருந்தாலோ இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அளவைக் குறைத்து, இடைவெளியைக் கூட்ட வேண்டும்.

இடையில் வலி எழுந்தால் கொடுக்க வேண்டிய கூடுதல் அளவையும் எழுதிவையுங்கள். வழக்கமாக அது ஒரு 4 மணி நேர அளவுதான். இதை எழுதிக் கொடுக்காவிட்டால், "டாக்டர் சொல்லலையே" என்று விடியும்வரை நோயாளி துடிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மார்ஃபின் எழுதும் அன்றே பிசகோடில் போன்ற மலமிளக்கியும் எழுதுங்கள். தூக்கக் கலக்கமும் குமட்டலும் சில நாளில் அடங்கும், மலச்சிக்கல் மட்டும் அடங்காது. கெட்டிப்பட்ட மலத்தைக் கையால் எடுக்கும் நிலை வந்தால் அதை எடுப்பவரும் இவர்தான்.

"மார்ஃபின் கொடுத்தா உயிர் போயிருமுங்களா?" என்ற பயத்துக்கு வாய்திறந்து பதில் சொல்லுங்கள். வலிக்கு ஏற்ப, சிறிய அளவில் தொடங்கி, மெதுவாகக் கூட்டினால் அது ஆயுளைக் குறைக்காது. எழுப்பினாலும் எழாத அளவு மயக்கம், மூச்சு மிகவும் குறைவது, இவை தெரிந்தால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் உடனே அழைக்கச் சொல்லுங்கள். மருந்தைப் பெட்டியில் பூட்டிவைக்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

இவற்றையெல்லாம் ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் சூரியன், நிலா வரைந்து மாத்திரையை அதன் பக்கத்தில் ஒட்டுங்கள். தாளின் அடியில் வலி, வாந்தி, மூச்சுத்திணறல், ரத்தப்போக்கு என்று நான்கு வரி. ஒவ்வொன்றுக்கும் முதலில் என்ன செய்ய வேண்டும், யாரை அழைக்க வேண்டும். மூச்சுத்திணறலுக்குத் தலைப்பக்கத்தை உயர்த்தி, முகத்துக்கு நேராக ஃபேன் வைத்து, ஜன்னலைத் திறந்துவிடச் சொல்லுங்கள். கழுத்தில், வாயில் பெரிய புண் இருந்தால் திடீரென்று ரத்தம் பீறிட வாய்ப்பு உண்டு. அடர்நிறத் துண்டு இரண்டு பக்கத்தில் இருக்கட்டும். வெள்ளைத் துண்டில் பார்க்கும் ரத்தம் ஆயுள் முழுக்க அவர் கண்ணை விட்டுப் போகாது. இதைப் பக்குவமாக, முன்கூட்டியே, தனியாகச் சொல்ல வேண்டும்.

உங்கள் கைபேசி எண்ணைக் கொடுப்பதா என்பது உங்கள் முடிவு. நான் கொடுக்கிறேன். ராத்திரியில் அழைப்பவர்கள் நான் பயந்ததை விட மிகக் குறைவு. எண் கையில் இருக்கிறது என்ற தைரியமே பலருக்குப் போதும். ஒருவரால் எல்லா ராத்திரியும் முடியாது என்றால், பக்கத்து ஊர் மருத்துவர் ஒருவரோடு நாள் பிரித்துக்கொள்ளுங்கள்.

5. கைவேலையைக் கற்றுக்கொடுங்கள்

ஒரு முறை வீட்டுக்குப் போங்கள். அரை மணி நேரம் செலவாகும், ஆனால் கிளினிக்கில் மூன்று மாதம் பேசினாலும் தெரியாதது அங்கே தெரியும். நோயாளி கயிற்றுக்கட்டிலில் படுத்திருப்பார், நடுவில் பள்ளம் விழுந்திருக்கும், முதுகில் புண் வரக் காரணம் அதுதான் என்று பார்த்த உடனே புரியும். தட்டையான கட்டிலும் காற்று மெத்தையும் ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று சொல்வது எளிது. 45 கிலோ எடையுள்ள பெண் 60 கிலோ ஆளை எப்படிப் புரட்டுவார்? பழைய வேட்டியை நான்காக மடித்து நோயாளியின் தோள் முதல் இடுப்பு வரை அடியில் விரித்து, வேட்டியைப் பிடித்து இழுத்துத் திருப்புவதைச் செய்து காட்டுங்கள். முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்து இழுக்க வேண்டும். நீங்கள் ஒரு முறை, அவர் இரண்டு முறை.

நாற்றமடிக்கும் புண்ணுக்கு மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவிக் கட்டினால் சில நாளில் நாற்றம் குறையும். அந்த நாற்றத்தால்தான் பேரப்பிள்ளைகள் உள்ளே வருவதில்லை, பார்த்துக்கொள்பவரும் அங்கே உட்கார்ந்து சோறு உண்ண முடியாமல் தவிக்கிறார். வாய் சுத்தம், நோயாளிக்குப் போட்டிருக்கும் குழாயின் பராமரிப்பு ஆகியவற்றைச் செவிலியர் கற்றுக்கொடுக்கட்டும்.

6. சாப்பாட்டுப் பிரச்சினையை ஒறம்பரை (உறவினர்) வருவதற்கு முன்பே பேசிவிடுங்கள்

பார்க்க வரும் ஒறம்பரைகள் பிரியத்தோடுதான் வருகிறார்கள். ஆனால் கட்டிலருகே நின்று, "இப்படி இளைச்சுப் போய்ட்டாரே, சரியாச் சோறு போடறதில்லையா கண்ணு?" என்று ஒருவர் கேட்டுவிட்டுப் போனால், அன்று ராத்திரி அந்தப் பெண் தூங்கமாட்டார். மறுநாள் நோயாளியின் வாயில் கஞ்சியைத் திணிப்பார். அவர் புரையேறி இருமுவார். இரண்டு பேரும் அழுவார்கள்.

இளைப்பது பட்டினியால் அல்ல, நோய் உடலின் வேதியியலையே மாற்றிவிடுவதால் என்று வீட்டில் எல்லார் காதிலும் விழும்படி சொல்லுங்கள். அப்போது பசி போய்விடும், கொடுத்தாலும் உடம்பில் ஒட்டாது. அவர் கேட்கிற நேரத்தில் கேட்கிறதை இரண்டு வாய் கொடுத்தால் போதும். இளநீரோ, கம்மங்கூழோ, பிடித்த எதுவோ. கடைசி நாட்களில் "குளுக்கோஸ் ஏத்துங்க டாக்டர்" என்று வற்புறுத்துவார்கள். உடல் தாங்காத நிலையில் ஏற்றும் நீர் காலிலும் நெஞ்சிலும்தான் தேங்கும் என்று விளக்குங்கள். வாயை ஈரத்துணியால் துடைத்து, உதட்டில் தேங்காய் எண்ணெய் தடவுவது இவர் கையால் செய்யக்கூடிய நல்ல பராமரிப்பு.

முடிந்தால் வந்தவர்கள் முன்னாலேயே, "இந்தம்மா பார்த்துக்கற மாதிரி ஆஸ்பத்திரியிலகூடப் பார்க்க முடியாதுங்க" என்று சொல்லுங்கள். உண்மையாகவும் இருக்கும். அந்த ஒரு வாக்கியம் ஊருக்குள் போய்ச் சேரும், அவரைப் பல கேள்விகளிலிருந்து காப்பாற்றும்.

7. குடும்பத்தைக் கூட்டி உட்காரவையுங்கள்

"ஐயனுக்கு விஷயம் தெரியக் கூடாதுங்க, சொல்லிராதீங்க" என்பது நாம் தினமும் கேட்பது. பெரும்பாலும் ஐயனுக்குத் தெரிந்தே இருக்கும். இரு பக்கமும் நடித்துக்கொண்டிருக்கும் வீட்டில் அதிகம் களைத்துப்போவது நாள் முழுக்கக் கூட இருப்பவர்தான். மகனைத் திட்டாதீர்கள். "நானாப் போய்ச் சொல்லமாட்டேன். ஆனா அவரே கேட்டா பொய் சொல்லமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, நோயாளியிடம் "உங்களுக்கு என்ன தோணுதுங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலே அடுத்து எவ்வளவு பேசலாம் என்று காட்டிவிடும்.

அந்தக் கூட்டத்திலேயே வேலையைப் பிரித்துவிடுங்கள். பெங்களூரில் இருக்கும் மகன் பணம் அனுப்பினால் மட்டும் போதாது, மாதத்தில் இரண்டு சனி, ஞாயிறு வந்து ராத்திரி படுக்க வேண்டும். கட்டிக்கொடுத்த மகள் எந்த நாள் வர முடியும்? பால் கறக்க யார்? பிள்ளைகளைப் பள்ளியில் விட யார்? பெயரோடு எழுதுங்கள். மருமகள் கேட்டால் நடக்காதது டாக்டர் சொன்னால் நடக்கும், இந்த விஷயத்தில் நம் வார்த்தைக்கு இருக்கும் எடையை முழுசாகப் பயன்படுத்தலாம். பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம், 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய நோய் ஆதரவுச் சிகிச்சை இயக்கம் அக்கம்பக்கத்தாரையே பயிற்றுவித்து இந்தச் சுமையைப் பகிர்ந்துகொள்ளச் செய்தது. நம் ஊரிலும் ஒரு தெருவில் நான்கு பேர் இருந்தால் முடியும்.

பணம் பற்றியும் பேசுங்கள். "இன்னொரு ஊர்ல ஒரு மருந்து இருக்குதாம்" என்று கேள்விப்பட்டு நகையை அடகு வைக்கவோ தோட்டத்தை விற்கவோ கிளம்பும் முன் நம்மிடம் வந்து கேட்கச் சொல்லுங்கள். பயன் தராத ஸ்கேனை வேண்டாம் என்று சொல்வதும் பார்த்துக்கொள்பவருக்குச் செய்யும் உதவிதான். கடன் அடைக்கப்போவது அவரும்தானே. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். சிகிச்சைக்கு ரயிலில் போகும் புற்றுநோயாளிக்கும் துணைக்குப் போகும் ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டு.

8. கடைசி நாட்களுக்குத் தயார்செய்யுங்கள்

தூக்கம் கூடும், பேச்சு குறையும், கைகால் குளிரும், மூச்சு விட்டுவிட்டு வரும். தொண்டையில் சளி கரகரவென்று சத்தம் போடும். கேட்பவருக்கு அது மூச்சுமுட்டல் போலத் தெரியும், நோயாளிக்குப் பெரும்பாலும் அந்த உணர்வே இருக்காது. ஒருக்களித்துப் படுக்கவைத்தாலே பாதி குறையும். இதையெல்லாம் முன்பே சொல்லிவைத்திருந்தால் பதற்றத்தில் 108-ஐ அழைத்து, வீட்டிலேயே இருக்க விரும்பியவரை வென்டிலேட்டரில் கொண்டுபோய் விடமாட்டார்கள். நோயாளி தெளிவாக இருக்கும்போதே தன் விருப்பத்தை எழுதிவைக்கலாம். 2018-இல் உச்ச நீதிமன்றம் முன்விருப்ப ஆவணத்தை ஏற்றது, 2023-இல் நடைமுறையையும் எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு நோட்டரியிடமோ அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும்.

வீட்டில் இறந்தால் என்ன செய்வது என்ற பயமும் ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும். கடைசியாகச் சிகிச்சை பார்த்த மருத்துவர் என்ற முறையில் இறப்புக் காரணச் சான்றை நாமே தர வேண்டும். வீட்டு மரணத்துக்கு 4A படிவம். அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. 21 நாளுக்குள் பதிவுசெய்ய வேண்டும், கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலரிடம். "நேரம் பார்க்காம என்னைக் கூப்பிடுங்க, நான் வந்து பார்த்துச் சான்று தர்றேன்" என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

9. இறப்புக்குப் பிறகு சீட்டை மூடாதீர்கள்

நோயாளியின் சீட்டு முடிந்துவிடும், இவருடையது முடியாது. கருமாதி முடியும்வரை வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். எல்லாரும் கிளம்பிய பிறகுதான் அந்தக் கட்டில் காலியாகக் கண்ணில் படும். மூன்றாவது வாரம் ஒரு முறை போனில் பேசுங்கள், இல்லையென்றால் அந்தப் பக்கம் போகும்போது எட்டிப் பாருங்கள். மீதி மார்ஃபினை வாங்கிய இடத்திலேயே திருப்பித் தரச் சொல்லுங்கள். "அன்னைக்கு ராத்திரி அந்த மாத்திரையைக் கொடுத்திருக்கக் கூடாதோ?" என்ற கேள்வி அவர் மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அவர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே எடுத்துப் பேசி, நீங்கள் கொடுத்தது சரிதான் என்று காரணத்தோடு சொல்லுங்கள். ஆறு மாதம் கடந்தும் அன்றாட வேலைக்குத் திரும்ப முடியாமல் துக்கம் அப்படியே நின்றால் மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

அந்த மருமகள் இப்போதும் மாதம் ஒரு முறை வருகிறார். ரத்த அழுத்தம் 130/80. போன முறை வந்தபோது மறுபடி தறிக்குப் போக ஆரம்பித்திருப்பதாகச் சொன்னார். அடுத்த மாதத் தேதியை எழுதிக் கொடுத்தேன்.